மடல் கழுத்துப் பச்சோந்தி: எங்கும் இருக்கிறது என்றால் கவலையில்லை என்று பொருளா?

குமரேசன்_லுசாகா | மார்ச் 8, இரவு 9:12

வணக்கம். சாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் ஓர் இரும்புச் சாமான் நிறுவனத்தில் கணக்கெழுதுகிறேன். உயிரியல் படித்தவனில்லை. ஆறு வருடமாக இந்த மன்றத்தில் பறவைகள் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இன்றுதான் ஊர்வன பகுதிக்குள் கால் வைக்கிறேன்.

மாலை நாலரை மணிக்குச் சோங்குவேயிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டார். சாலை நடுவில் ஒரு பச்சோந்தி. ஒரு காலைத் தூக்குகிறது, அந்தரத்தில் வைத்துக்கொண்டே முன்னும் பின்னும் ஆடுகிறது, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு வைக்கிறது. அடுத்த கால். இப்படியே போனால் மறுகரை சேர அரை மணி நேரம் ஆகும். பின்னால் லாரி வருகிறது.

இறங்கி, ஒரு குச்சியை ஒடித்து அதன் முன்னே நீட்டினேன். அவ்வளவுதான், உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கிக்கொண்டு ஊதிப் பெருத்தது. தலைக்குப் பின்னால் இரண்டு மடல்கள் யானைக் காது போல விரிந்து நின்றன. வாயைத் திறந்து சீறியது. தொண்டை விரிந்தபோது செதில்களுக்கு இடையே ஆரஞ்சு நிறத் தோல் தெரிந்தது. ஒரு சாண் உடம்பு, அதற்குச் சமமாக வால். குச்சியைக் கவ்விக் கடிக்கவும் செய்தது. பிறகு என்ன நினைத்ததோ, அதே குச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஓரத்துப் புதரில் விட்டேன். ஓட்டுநர் இவ்வளவு நேரமும் வண்டியை விட்டு இறங்கவில்லை. "நட்சிகாம்பே" (அவர் மொழியில் பச்சோந்தி) என்று மட்டும் சொன்னார்; அதை உள்ளே கொண்டுவந்தால் தான் வெளியே போய்விடுவதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். கமேலியோ டைலெபிஸ். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் "தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்" என்று போட்டிருக்கிறது. வரைபடத்தில் பாதி ஆப்பிரிக்காவுக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஆறு வருடத்தில் நான் பார்த்தது நான்கே நான்கு; அதில் இரண்டு நசுங்கியவை. பட்டியல் சொல்வதை நம்பவா, என் கண்ணை நம்பவா?

---

வேங்கைமரம் | மார்ச் 8, இரவு 10:47

அடையாளம் சரிதான், குமரேசன். அந்த மடல்கள்தான் சான்று. "டைலெபிஸ்" என்றால் கிரேக்கத்தில் இரண்டு செதில். அந்த இரு மடல்களைப் பார்த்தே 1819இல் லீச் பெயர் வைத்தார். தமிழில் மடல் கழுத்துப் பச்சோந்தி என்று சொல்லலாம் என்பது என் யோசனை. வேறு நல்ல பெயர் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

வரைபடத்தில் வண்ணம் பூசியது மிகையில்லை. மேற்கே கேமரூன், காபோன், அங்கோலா. கிழக்கே எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தான்சானியா. தெற்கே சாம்பியா, மலாவி, மொசாம்பிக், போட்ஸ்வானா, நமீபியாவின் வடபகுதி, தென்னாப்பிரிக்காவின் வடக்கும் கிழக்கும். அடர்ந்த மழைக்காட்டின் உள்ளும் வெறும் பாலைவனத்திலும் இராது. நமீபியாவின் பாலைக்கு வேறொரு பச்சோந்தி இருக்கிறது. நமாக்குவா பச்சோந்தி என்று பெயர். அது மரமேறாமல் மணலில் ஓடித் திரிகிறது. நம் ஆளுக்கு வேண்டியது இடைப்பட்ட நிலம். புல்லும் புதரும் மரமும் கலந்த சவானா, மியோம்போ என்கிற இலையுதிர் மரக்காடு, கடற்கரைப் புதர்க்காடு, ஆற்றோரம், ஏன், வேலியில் பூகேன்வில்லா இருந்தால் வீட்டுத் தோட்டமும்கூட.

கால்களைக் கவனித்தீர்களா? முன்காலில் உட்புறம் மூன்று விரல், வெளிப்புறம் இரண்டு. பின்காலில் அது தலைகீழ். கொறடு போலக் கிளையைப் பிடிக்க மட்டுமே ஆன கால் அது. தார்ச்சாலையில் அது அப்படித் தடுமாறுவதில் வியப்பில்லை.

பட்டியலா கண்ணா என்று கேட்டீர்கள். இரண்டும் சரியாக இருக்கலாம். பட்டியல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த இனம் உலகிலிருந்தே அழிந்துபோகும் ஆபத்து எவ்வளவு? சோங்குவே சாலையோரத்தில் அது இருக்குமா என்று அது கேட்பதே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இது ஒரே இனம்தானா என்பதிலேயே தகராறு. மடல் சிறியதாக உள்ளவற்றை "குயிலென்சிஸ்" என்று தனியாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். தான்சானியாவின் பெம்பா தீவில் உள்ளதற்கு ஒரு துணையினப் பெயர், கிவு ஏரியின் இட்ஜ்வி தீவில் உள்ளதற்கு இன்னொன்று. நாளைக்கு இவற்றைத் தனித்தனி இனங்கள் என்று பிரித்தால், அந்தப் பெரிய வண்ணத் திட்டு துண்டு துண்டாகப் பிரியும். அப்போது ஒரு தீவுத் துண்டைப் பார்த்து "கவலை குறைவு" என்று யாரும் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 9, காலை 7:05

நான்கு பச்சோந்தியை வைத்து ஒரு கண்டத்தை எடைபோட வேண்டாம். பச்சோந்தி ஒளிந்துகொள்வதற்காகவே பிறந்த பிராணி. கணக்காளர் பகலில் காரில் போகும்போது கண்ணில் படவில்லை என்றால் அது பச்சோந்தியின் வெற்றி!

எண்ணிக்கையைப் பாருங்கள். சாம்பியாவின் கஃபூ தேசியப் பூங்கா மட்டும் சுமார் 22,400 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் ஏறக்குறைய 19,500. தான்சானியாவின் நியரேரே 30,000க்கு மேல். இந்த மூன்றிலும் இந்தப் பச்சோந்தி வாழ்கிறது. ஒரு பெண் ஒரு தடவையில் 25 முதல் 50 முட்டை இடுகிறது. இந்த இனத்தைக் காப்பாற்றப் பணம் ஒதுக்கச் சொன்னால் நான் ஒரு ரூபாய் தரமாட்டேன்.

அதே மலாவியில் சாப்மன் குள்ளப் பச்சோந்தி என்று ஒன்று இருக்கிறது. நாட்டின் தெற்குக் கோடியில் ஒரே ஒரு மலைக்காட்டில் இருந்தது. 1984இலிருந்து அந்தக் காட்டின் ஐந்தில் நான்கு பங்கு அழிக்கப்பட்டது. இனமே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 2016இல் மிச்சத் துண்டுகளில் மறுபடி கண்டுபிடித்தார்கள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பிராணி. பணம் அங்கே போகட்டும். காய்ச்சல் வந்தவனை விட்டுவிட்டுத் தும்மியவனுக்கு மருத்துவம் பார்க்கிற கதையாகிவிடக் கூடாது.

---

தேன்மொழி_டர்பன் | மார்ச் 9, பிற்பகல் 1:30

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதில் பாதி சரி. பகலில் தேடினால் கிடைக்காது. இரவில் தேட வேண்டும்.

நான் டர்பனுக்கு வடக்கே ஒரு மருத்துவமனையில் செவிலி. இங்குள்ள இயற்கை ஆர்வலர் குழுவோடு மாதம் ஒரு முறை டார்ச் எடுத்துக்கொண்டு போவேன். தூங்கும்போது பச்சோந்தியின் பச்சை வெளுத்துவிடும். கிளை நுனியில் வாலைச் சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெளிறிய மஞ்சளில் உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் பட்டால் காய்ந்த புல்லுக்கு நடுவே பல்லாங்குழிச் சோழி மாதிரிப் பளிச்சென்று தெரியும். ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் தேடுகிறார்கள். ஏன் நுனிக்கிளை? பாம்பு ஏறி வந்தால் கிளை ஆடும். ஆடினால் விழித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அப்படியே கீழே விழுந்துவிடலாம். பூம்ஸ்லாங் பாம்புக்கு இவை என்றால் உயிர்.

முதலில் கண் பழக வேண்டும். முதல் மூன்று மாதம் நான் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. குழுவிலிருந்த பத்து வயதுப் பையன் ஏழு காட்டினான்.

இங்கே கடற்கரைப் பட்டையில் இரண்டு வகைப் பச்சோந்தி உண்டு. ஒன்று இந்த மடல் கழுத்து. மற்றது இந்தக் கடற்கரைப் பகுதியில் வாழும் குள்ளப் பச்சோந்தி. அது முட்டையிடாமல் குட்டி போடும். எங்கள் பாதையில் ஒரு பக்கம் கரும்புத் தோட்டம், மறுபக்கம் ஓடையோரப் புதர். கரும்புப் பக்கம் நாங்கள் மடல் கழுத்தைப் பார்த்ததே இல்லை. அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைப்பார்கள்; அதில் மெதுவாக நடக்கும் பிராணி தப்புவது கடினம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பலில் வந்த நம் ஆட்கள் வெட்டியதும் இந்தக் கரும்பைத்தான். எங்கள் தெருவில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சரி, அது வேறு கதை.

சொல்ல வந்தது: புதர்ப் பட்டை நாலு மீட்டர் அகலம்தான். அதை வெட்டினால் எங்கள் ஓடையில் கதை முடிந்தது. குரூகரில் ஆயிரம் இருந்தாலும் அங்கிருந்து இங்கே நடந்து வராது.

---

ஊர்வன_நேசன் | மார்ச் 9, மாலை 6:18

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். கல்லூரி இரண்டாம் ஆண்டு, சென்னை. இந்தப் பச்சோந்தியை வீட்டில் வளர்க்க முடியுமா? வெளிநாட்டுக் காணொளிகளில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். விலையும் குறைவு என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் இருப்பதை ஒன்று எடுத்தால் என்ன?

---

பறவைப்பித்தன் | மார்ச் 9, இரவு 8:55

தம்பி, கேட்டது நல்லது. கேட்காமல் வாங்கியவர்கள்தான் அதிகம்.

நான் பதினோரு வருடம் தான்சானியாவில், மொரோகோரோ பக்கம், வேலை பார்த்தேன். அங்கே பச்சோந்திக்குக் "கின்யோங்கா" என்று பெயர். விலங்கு வியாபாரிகளின் கொட்டகை ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். வலைக் கூண்டில் முப்பது நாற்பது மடல் கழுத்துப் பச்சோந்திகளை ஒன்றாக அடைத்திருந்தார்கள். பச்சோந்தி தனியாக வாழும் பிராணி. இன்னொரு பச்சோந்தியைப் பார்த்தாலே கறுத்துப்போகும். அங்கே எல்லாமே கறுத்துக் கிடந்தன. கண்கள் உள்ளே குழிந்திருந்தன; நீர் வற்றிப்போனதன் அடையாளம் அது. அடியில் தகரத்தட்டில் தண்ணீர் வைத்திருந்தார்கள். பச்சோந்திக்குத் தட்டிலுள்ள தண்ணீர் தண்ணீராகவே தெரியாது. இலையில் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும்தான் நக்கிக் குடிக்கும். தாகத்தோடு தண்ணீருக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

விலை குறைவு என்பதுதான் அதன் சாபம். அரிய இனத்தை விமானத்தில் பஞ்சில் பொதிந்து அனுப்புவார்கள். இதைப் பையில் கட்டி அனுப்புவார்கள். பாதி செத்தாலும் நட்டமில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் பச்சோந்திக்கும் இதே கதிதான். டோகோ, பெனின், கானா வழியாக வெளியே போகிறது. காட்டில் பிடிபட்டவை ஒட்டுண்ணிகளைச் சுமந்துகொண்டே வரும். வாங்கிய வீட்டில் சில வாரமோ சில மாதமோ இருந்துவிட்டுப் போய்ச் சேரும்.

சட்டப்படி பார்த்தால், 1977இலிருந்தே இந்தப் பேரினம், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. தான்சானியா 2016இல் உயிருள்ள காட்டு விலங்கு ஏற்றுமதியையே நிறுத்தியது. இந்தியாவிலும் 2022இல் வன உயிரினச் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் பட்டியலிலுள்ள வெளிநாட்டு உயிரினங்களுக்கென்று நான்காம் அட்டவணை சேர்த்துவிட்டார்கள். இறக்குமதிக்கு அனுமதி வேண்டும், வைத்திருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். பாங்காக் விமானத்தில் வரும் பெட்டிகளில் ஊர்வன பிடிபடுகிற செய்தி வாரந்தோறும் வருகிறதே, படிப்பதில்லையா?

---

மட்டுறுத்துநர் | மார்ச் 9, இரவு 9:20

வாங்குவது, விற்பது, யாரிடம் கிடைக்கும் போன்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. பறவைப்பித்தனின் பதில் பயனுள்ளது என்பதால் மேலுள்ள கேள்வியை நீக்காமல் விடுகிறேன். நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை நினைவூட்டுகிறேன்.

---

ஊர்வன_நேசன் | மார்ச் 9, இரவு 9:41

புரிந்தது அண்ணா. தண்ணீருக்கு மேலேயே தாகத்தோடு தொங்கியது என்று படித்த பிறகு ஆசை போய்விட்டது.

---

மன்னார்க்கடல் | மார்ச் 10, காலை 6:33

நம் ஊர்ப் பச்சோந்தியும் இதே கமேலியோ பேரினம்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற பச்சோந்தி அந்த ஓர் இனம் மாத்திரமே. மன்னார்ப் பக்கம் உடைமரக் காட்டில் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். அம்மம்மா "தொட்டால் நிறம் ஒட்டிக்கொள்ளும்" என்று வெருட்டுவார். அதுவும் ஈரக்காட்டுக்குப் போகாது. வறண்ட பற்றைக்காடுதான் அதற்கு வீடு. ஆப்பிரிக்கக்காரனுக்கும் எங்களவனுக்கும் குணம் ஒன்றுதான் போலும்.

ஒரு சந்தேகம். இலைக்கு ஏற்றபடி நிறம் மாறுகிறது என்பது உண்மையா?

---

வேங்கைமரம் | மார்ச் 10, காலை 8:02

பெரும்பாலும் இல்லை. கட்சி மாறுகிறவரைப் பச்சோந்தி என்று திட்டி நாம் அந்தப் பிராணியின் பெயரைக் கெடுத்துவிட்டோம். நிறம் மாறுவது முக்கியமாக மனநிலைக்கும் வெப்பத்துக்கும்: கோபம், பயம், இணை தேடல், காலையில் வெயில் காய்தல். 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்தார்கள். தோலின் செல்களுக்குள் குவானின் படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் இடைவெளியை விரித்தும் சுருக்கியும் அது நிறத்தை மாற்றுகிறது என்று காட்டினார்கள். சாயம் பூசிக்கொள்வதில்லை, ஒளியை வேறு மாதிரித் திருப்பிவிடுகிறது.

அமைதியாக இருக்கும் மடல் கழுத்துப் பச்சோந்தி எப்போதும் ஏறக்குறையப் பச்சையோ பழுப்போதான். செப்டம்பர், அக்டோபரில் சாம்பியாவின் மியோம்போ மரங்கள் மழைக்கு முன்பே செம்பு நிறத்தில் தளிர்விடும். காடே சிவந்திருக்கும். பச்சோந்தி சிவக்காது.

---

குமரேசன்_லுசாகா | மார்ச் 12, இரவு 10:05

ஓட்டுநரிடம் கதையை வாங்கிவிட்டேன். அவர் கிழக்குச் சாம்பியாவின் சிப்பாட்டா ஊர்க்காரர், செவா மக்களில் ஒருவர். நேற்று நீண்ட பயணம். மூன்று மணி நேரம் சும்மா வந்தவர், திரும்பும்போது தானாகவே சொன்னார்.

ஆதியில் கடவுளும் மனிதரும் விலங்குகளும் பூமியில் சேர்ந்து இருந்தார்களாம். மனிதர்கள் இரண்டு குச்சியைத் தேய்த்து விளையாடித் தீயைக் கண்டுபிடித்தார்கள். புல் பற்றிக்கொண்டது. விலங்குகள் எல்லாம் மனிதர்மேல் கோபத்தோடு ஓடின. பச்சோந்தி மட்டும் மரத்தில் ஏறிக்கொண்டு, கடவுளையும் மேலே வரச் சொன்னது. அவரால் ஏற முடியவில்லை, வயதாகிவிட்டது. சிலந்தி நூலிறக்கி அவரை வானத்துக்குக் கொண்டுபோனது. அன்றிலிருந்து கடவுள் கீழே இல்லை.

"இதில் பச்சோந்தி என்ன தப்பு செய்தது?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அது பார்த்துக்கொண்டிருந்தது" என்றார்.

---

தேன்மொழி_டர்பன் | மார்ச் 13, காலை 11:15

இங்கே சூலுக் கதை வேறு. "மனிதர்கள் சாகமாட்டார்கள்" என்ற செய்தியைக் கொடுத்துக் கடவுள் உன்வாபுவை, அதாவது பச்சோந்தியை, அனுப்பினாராம். அது வழியில் பழம் தின்றுகொண்டு மெதுவாகப் போனது. பொறுமையிழந்த கடவுள் பல்லி ஒன்றிடம் "சாவார்கள்" என்ற செய்தியைக் கொடுத்தார். பல்லி முந்திக்கொண்டது. பச்சோந்தி வந்து சேர்ந்தபோது மக்கள் முதல் செய்தியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதனால் இரண்டின்மீதும் கோபம். எங்கள் வார்டில் கூடப் பணிபுரியும் அக்கா ஒருவர், படித்தவர், என் செல்பேசியில் பச்சோந்திப் படத்தைக்கூடப் பார்க்கமாட்டார்.

ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்காரர்கள் மட்டும் செல்லமாக "டிராப்சூய்ட்கீஸ்" என்பார்கள். மெல்ல அடிவைப்பது என்று பொருள்.

நம்மைவிட மோசமில்லை. எங்கள் கிராமத்தில் ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று சொல்லியே பையன்கள் ஓணானைக் கல்லால் அடிப்பார்கள்.

---

பறவைப்பித்தன் | மார்ச் 13, இரவு 9:30

பயத்தால் பச்சோந்திக்கு லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. யாரும் பிடித்துத் தின்பதில்லை. தோட்டத்தில் கண்டால் சிலர் விலகிப் போகிறார்கள், சிலர் கல்லெறிகிறார்கள்.

எனக்கு அந்தத் தீக்கதைதான் மனதில் நிற்கிறது. மியோம்போ நாட்டில் மே முதல் அக்டோபர் வரை தீதான். புதுப் புல்லுக்காகவும், வயல் திருத்தவும், எலி பிடிக்கவும் வைப்பார்கள். மே, ஜூனில் வைத்தால் புல்லில் இன்னும் ஈரம் இருக்கும். தீ இங்கொரு திட்டு அங்கொரு திட்டாகத் தாழ எரிந்து அணையும். பச்சோந்தி மேல்கிளைக்குப் போய்த் தப்பிவிடும். செப்டம்பர், அக்டோபரில் வைத்தால் அது வேறு மிருகம். ஆள் உயரப் புல் காய்ந்து கிடக்கும், காற்றும் இருக்கும். மரத்தின் தலை வரை கருகும். ஓடத் தெரியாத பிராணி எங்கே போகும்? மறுநாள் காலையில் சாம்பலுக்கு மேலே கழுகுகளும் நாரைகளும் நடந்து பொறுக்கித் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

முட்டைகள் மட்டும் தப்பும். புல்தீயின் சூடு மண்ணுக்குள் சில விரற்கடைக்கு மேல் இறங்காது.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 14, காலை 7:20

இதைத்தான் நானும் சொல்கிறேன். சவானா தீயோடு வளர்ந்த நிலம். பச்சோந்தியும் தீயோடு வளர்ந்தது. மரக்கரிக்காக வெட்டுகிறார்கள் என்று அடுத்து யாராவது அழுவீர்கள். மியோம்போ மரங்கள் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பவை. வெட்டிய ஐந்தாவது வருடம் அது அடர்ந்த புதர். பச்சோந்திக்குப் பெரிய மரத்தைவிடப் புதரே மேல்.

---

வேங்கைமரம் | மார்ச் 14, காலை 9:48

துளிர்க்கும் என்பது உண்மை. விட்டால் துளிர்க்கும். கரி சுட்ட இடத்தில் மக்காச்சோளம் போட்டு, வருடாவருடம் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தால் என்ன துளிர்க்கும்?

மரம் என்றதும் இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 2030க்குள் ஆப்பிரிக்காவில் பத்துக் கோடி ஹெக்டேரைச் சீரமைப்பதாக 2015இல் ஒரு பெருந்திட்டம் தொடங்கினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் சவானாவைப் பார்க்கிற பலருக்கு அது கெட்டுப்போன காடாகத் தெரிகிறது. மரம் குறைவு, ஆகவே நடு என்று யூக்கலிப்டஸையும் பைனையும் வரிசையாக நட்டால், அங்கே புல் போகும், புல்லோடு வெட்டுக்கிளி போகும், வெட்டுக்கிளியோடு பச்சோந்தி போகும். காடழிப்புக்கு எதிராகச் செய்கிற வேலையே சவானாவை அழிக்கலாம். யானைக்கும் சிங்கத்துக்கும் இருக்கிற வக்கீல்கள் புல்லுக்கு இல்லை.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 14, காலை 10:15

யூக்கலிப்டஸ் விஷயத்தில் உங்களோடு நான். நீலகிரியின் புல்வெளியில் அதைத்தானே செய்தோம். ஆனால் கவனியுங்கள், இப்போது நீங்கள் கேட்பது நிலத்தை. பச்சோந்தி பெயரில் தனித் திட்டம் வேண்டாம் என்கிற என் பேச்சு அப்படியே நிற்கிறது.

---

வேங்கைமரம் | மார்ச் 14, காலை 10:31

நிற்கட்டும். அதை நான் மறுக்கவே இல்லையே.

---

குமரேசன்_லுசாகா | ஏப்ரல் 6, மாலை 7:44

இந்த இழையை மறுபடி திறப்பதற்கு மன்னிக்கவும். இன்று ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குக் காவலாளி வந்து கதவைத் தட்டினார். மதில் ஓரம் "அது" வந்திருக்கிறது என்றார்.

பெரிய பெண். வயிறு இரு பக்கமும் முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தது. உள்ளே முட்டைகள் இருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. மாமரத்துக்கும் மதிலுக்கும் நடுவே, வெயில் படுகிற செம்மண்ணில், முன்காலால் மண்ணை வாரிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. நேற்றே தொடங்கியிருக்கும் போல; தலையும் தோளும் குழிக்குள் போய்விட்டன. பத்து நிமிடம் தோண்டும், ஐந்து நிமிடம் அசையாது கிடக்கும். ஒரு கண் எங்களைப் பார்க்கும், இன்னொரு கண் மதிலைப் பார்க்கும். சாலையில் என்னைச் சீறிய அந்தத் திமிர் இதற்கில்லை. கிட்டப் போனபோதும் மடலைத் தூக்கவில்லை. மரத்தில் இருக்கும்வரை அதற்கு ஒரு பலம் இருக்கிறது. மண்ணுக்கு வந்துவிட்டால் நாய், பூனை, காகம் எது வேண்டுமானாலும் செய்யலாம்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பிக்கொண்டு, பின்பக்கத்தைக் குழிக்குள் இறக்கியது. நாலரை வரை அப்படியே. பிறகு மண்ணை இழுத்து மூடி, பின்காலால் மிதித்து மிதித்து இறுக்கியது. வயிறு ஒட்டி, விலா எலும்பு தெரிய, மாமரத்தில் ஏறிப் போய்விட்டது. இடம் தெரியாதபடி மூடியிருக்கிறது. நான் பார்த்திருக்காவிட்டால் காலால் மிதித்திருப்பேன்.

இந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடு. இருபதில் முற்றம் முழுக்கச் சிமெண்டுக் கல். இங்கே மதில் கட்டுவதும் கல் பாவுவதும்தான் வசதி வந்ததன் அடையாளம். நானே அடுத்த மாதம் இந்த இடத்தில் கல் போட வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தேன்.

---

தேன்மொழி_டர்பன் | ஏப்ரல் 6, இரவு 8:10

தோண்டிப் பார்க்காதீர்கள். முட்டையை எடுத்துத் திருப்பி வைத்தால் உள்ளே கரு செத்துப்போகும். சுற்றி நாலு செங்கல் வையுங்கள், போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். மழை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஐந்திலிருந்து பத்து மாதம் வரை ஆகலாம், சில நேரம் அதற்கும் மேலே. பெரும்பாலும் அடுத்த மழைக்காலத்தில், சின்னப் பூச்சிகள் பெருகியிருக்கும்போது வெளியே வரும். விரல் நீளம் இருக்கும். தாய் திரும்பி வந்து பார்க்காது.

---

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 7, காலை 7:02

கல் போடும் வேலையைத் தள்ளி வையுங்கள், குமரேசன். இதற்குப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதால் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

---

குமரேசன்_லுசாகா | நவம்பர் 23, இரவு 9:36

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். போன வாரம் முதல் மழை. செங்கல் நான்கும் இடத்தில் இருக்கின்றன. ஜூலையில் வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார், கல் பாவ. அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டார்கள், அதற்கு ஓட்டுநர்தான் காரணம். கூலியாட்களிடம் அவர் நியாஞ்சா மொழியில் ஏதோ சொன்னார். அவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "உண்மையைத்தான் சொன்னேன், கீழே நாற்பது நட்சிகாம்பே இருக்கிறது என்று" என்றார்.

இதுவரை ஒன்றும் வெளியே வரவில்லை. மண்ணில் ஒரு சின்ன வெடிப்பு தெரிகிறது. அது மழையாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. தினமும் காலையில் ஆபீஸ் போகுமுன் குனிந்து பார்க்கிறேன்.

---

தேன்மொழி_டர்பன் | நவம்பர் 23, இரவு 9:58

டார்ச் வைத்து இரவிலும் பாருங்கள். மண்ணில் அல்ல, பக்கத்துப் புல் நுனியில்.